ஆரோக்கியமான கொடையாளருக்கு ஜி.சி.எஸ்.எஃப். ஊசி: ஏன் பத்து மைக்ரோகிராம், ஏன் ஐந்து நாள்?

கேள்வியின் சாரம் இது. அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். தங்கையான நீங்கள் எச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்தப் பரிசோதனையில் முழுமையாகப் பொருந்தியிருக்கிறீர்கள். உங்கள் எடை 52 கிலோ, அண்ணனின் எடை 80 கிலோ. ரத்தக் குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்த ஓட்டத்துக்கு வரவழைப்பதற்காக ஐந்து நாட்களுக்குத் தினம் ஒரு வேளை ஃபில்கிராஸ்டிம் (ஜி.சி.எஸ்.எஃப்.-இன் மருந்து வடிவம்) ஊசி போடப்போவதாக மருத்துவமனை சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் இதே கொடையைச் செய்த உறவினருக்கோ காலையும் மாலையும் ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது சரி, அளவைக் கூட்டி நாட்களைக் குறைக்க முடியாதா, ஒரே ஊசியோடு முடியும் மருந்து இருக்கும்போது அதை ஏன் தருவதில்லை என்பவை உங்கள் கேள்விகள்.

இரண்டு முறைகளும் சரியானவையே. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம் வீதம் நான்கு அல்லது ஐந்து நாட்கள் தோலுக்கடியில் செலுத்துவது என்பதுதான் இன்று உலகெங்கும் பெரும்பாலான மையங்களின் வழக்கம். அந்த அளவை ஒரே வேளையாகத் தருவதா, இரண்டாகப் பிரிப்பதா என்பதில்தான் மையங்கள் வேறுபடுகின்றன. ஆனால் இந்த அட்டவணை ஏன் இப்படி அமைந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஊசி போட்டுக்கொள்பவருக்கு நோய் எதுவும் இல்லை. இந்த மருந்தால் அவர் உடலுக்குக் கிடைக்கப்போகும் நன்மையும் எதுவும் இல்லை. ஆகவே இங்கே கேட்கப்பட வேண்டியது, அதிகபட்சம் எத்தனை அணுக்களைத் திரட்ட முடியும் என்பதல்ல; பெறுநருக்குப் போதுமான அணுக்களை, கொடையாளருக்கு எவ்வளவு குறைந்த மருந்தில், எவ்வளவு குறைந்த நாட்களில் திரட்ட முடியும் என்பதே. கீழே சொல்லப்போகும் எண்கள் யாவும் அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

ஜி.சி.எஸ்.எஃப். என்பது நம் உடலே சுரக்கும் ஒரு புரதம். தொற்று ஏற்படும்போது நியூட்ரோஃபில் வகை வெள்ளை அணுக்களைப் பெருக்குவது அதன் வேலை. எலியின் ஜி.சி.எஸ்.எஃப். 1983-இல் மெல்போர்னில் பிரித்தெடுக்கப்பட்டது. மனித மரபணு 1986-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே படியெடுக்கப்பட்டது. பாக்டீரியாவில் உற்பத்தி செய்யப்படும் ஃபில்கிராஸ்டிமுக்கு 1991-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அதன் நோக்கம், கீமோதெரபிக்குப் பிறகு சரிந்துபோகும் வெள்ளை அணுக்களை மீட்பது மட்டுமே. ஆனால் அதற்கு முன்பே, 1988-இல், மெல்போர்ன் ஆய்வாளர்கள் இந்த மருந்தைப் பெற்ற புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் மூல அணுக்கள் பன்மடங்கு பெருகுவதைக் கவனித்து எழுதியிருந்தார்கள். அந்தக் கவனிப்பிலிருந்து நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களைச் சேகரிக்கும் முறை பிறந்தது. 1995-இல் மூன்று குழுக்கள், ஆரோக்கியமான உடன்பிறப்புகளிடமிருந்து இதே முறையில் சேகரித்த அணுக்களைக் கொண்டு மாற்றுச் சிகிச்சை செய்த முடிவுகளை வெளியிட்டன. அதுவரை கொடையாளருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சுவதே வழி. இன்று பெரியவர்களுக்கான மாற்றுச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை ரத்தத்திலிருந்து எடுத்த அணுக்களைக் கொண்டே நடக்கின்றன.

இனி நாட்கணக்கு. ஃபில்கிராஸ்டிம் தோலுக்கடியில் செலுத்தப்பட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தை எட்டுகிறது; ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. மருந்து இவ்வளவு விரைவாக வேலைக்கு வருகிறதென்றால் குருத்தணுக்கள் ஏன் மறுநாளே வெளியே வருவதில்லை என்று தோன்றலாம். காரணம், இந்த மருந்து குருத்தணுவை நேரடியாகத் தட்டி எழுப்புவதில்லை. ஜி.சி.எஸ்.எஃப். ஏற்பி இல்லாத குருத்தணுக்களும், உடன் இருக்கும் மற்ற அணுக்களில் அந்த ஏற்பி இருந்தால், ரத்தத்துக்கு வந்துவிடுவதை எலிகளில் செய்த சோதனைகள் காட்டின. அப்படியானால் வேலை நடப்பது மஜ்ஜையின் சூழலில்தான். குருத்தணுவின் மேற்பரப்பில் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஏற்பி இருக்கிறது. மஜ்ஜையின் தாங்கணுக்களும் எலும்பை ஒட்டிய அணுக்களும் சுரக்கும் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதம் அந்த ஏற்பியைப் பற்றிக்கொண்டு குருத்தணுவை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. தொடர்ச்சியாக ஜி.சி.எஸ்.எஃப். கிடைக்கும்போது மஜ்ஜையில் பெருகும் நியூட்ரோஃபில்கள் வெளியிடும் நொதிகள் இந்தப் பிணைப்புகளை அரிக்கின்றன. எலும்பை ஒட்டிய மேக்ரோஃபேஜ்கள், அதாவது விழுங்கணுக்கள், குறைகின்றன. பரிவு நரம்புகளின் வழியாகவும் எலும்பாக்க அணுக்கள் அடக்கப்படுகின்றன. இவற்றின் விளைவாக சி.எக்ஸ்.சி.எல்.12 சுரப்பதே குறைகிறது. இத்தனையும் நடந்து முடிய நாட்கள் பிடிக்கின்றன.

ரத்தப் பரிசோதனையிலும் இதையே பார்க்கிறோம். குருத்தணுக்களை அடையாளம் காட்டும் சி.டி.34 என்ற குறியீடு கொண்ட அணுக்கள் சாதாரண நிலையில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒரு சிலவே இருக்கும். ஊசி தொடங்கிய முதல் இரண்டு நாட்கள் வெள்ளை அணுக்கள் ஏறினாலும் இந்த எண் பெரிதாக அசையாது. மூன்றாம் நாளுக்குப் பிறகு ஏறத் தொடங்கி, ஐந்தாம் நாளை ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது. அதன் பிறகு ஊசியைத் தொடர்ந்தாலும் ஏழாம் நாள் வாக்கில் இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே சேகரிப்புக்கு ஏற்ற சாளரம் ஐந்தாம், ஆறாம் நாட்கள்தான். நாட்களைக் குறைத்தால் அணுக்கள் வெளியே வருவதற்கு முன்பே அவற்றைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் அமர்ந்துவிடுவோம். கூட்டினாலோ மருந்து மட்டும் கூடும், அணுக்கள் கூடமாட்டா. "அளவை இரட்டிப்பாக்கி இரண்டு நாளில் முடிக்கலாமே" என்ற உங்கள் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது: கால அளவைத் தீர்மானிப்பது மருந்தின் செறிவைவிட மஜ்ஜையின் எதிர்வினையே.

அளவுக்கு வருவோம். ஆரம்ப ஆண்டுகளில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கும் குறைவிலிருந்து 24 மைக்ரோகிராம் வரை பல அளவுகள் ஆரோக்கியமானவர்களிடம் சோதிக்கப்பட்டன. கீழ் எல்லையில் அணுக்களும் குறைவு, ஆளுக்கு ஆள் வேறுபாடும் அதிகம். 10 மைக்ரோகிராமில் பெரும்பாலான கொடையாளர்களிடமிருந்து ஒன்று அல்லது இரண்டு அமர்வுகளில் போதுமான அணுக்கள் கிடைத்தன. அதற்கு மேல் 16, 20, 24 என்று ஏற்றியபோது அணுக்கள் கூடியது உண்மை. ஆனால் எலும்பு வலியும், தலைவலியும், வெள்ளை அணுக்களின் அளவு மீறிய ஏற்றமும் கூடவே கூடின. நோயாளி தனக்காகவே அணுக்களைச் சேகரித்துக்கொள்ளும் சிகிச்சையில் இந்தப் பேரத்தை ஏற்கலாம், ஏனெனில் அங்கே பலனும் அவருடையது, பாதிப்பும் அவருடையது. ஆரோக்கியமான கொடையாளரிடம் அந்தக் கணக்கு செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆரோக்கியமான கொடையாளருக்கான அங்கீகரிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், 4 முதல் 5 நாட்கள், ஐந்தாம் நாள் சேகரிப்பு, தேவைப்பட்டால் ஆறாம் நாளும் என்று வரையறுக்கப்பட்டிருப்பது இதனால்தான். அமெரிக்காவில் இந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பில், குருத்தணுச் சேகரிப்பைப் பொறுத்தவரை, நோயாளியின் சொந்த அணுக்களைச் சேகரிக்கும் பயன்பாடு மட்டுமே இருக்கிறது. உறவில்லாத கொடையாளர்களுக்கு அங்குள்ள தேசியப் பதிவகம் பல ஆண்டுகளாக ஆய்வு அனுமதியின் கீழ்தான் இதை வழங்கிவந்தது. அளவு மட்டும் அதே பத்துதான்.

இந்தப் பத்து என்ற எண்ணைப் புனிதமாகக் கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள். ஜெர்மனியின் டிரெஸ்டன் மையம், லெனோகிராஸ்டிம் என்ற சர்க்கரை இணைந்த வடிவத்தைக் கிலோவுக்கு 7.5 மைக்ரோகிராம் வீதம் ஐந்து நாட்கள் தந்து, 3,928 உறவில்லாத கொடையாளர்களின் பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தை 2009-இல் வெளியிட்டது. பெரும்பான்மையோரிடமிருந்து போதிய அணுக்கள் கிடைத்தன. ஜப்பானிலோ எடையைக் கொண்டு அல்லாமல் உடல் பரப்பைக் கொண்டு, ஒரு சதுர மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்று கணக்கிடுகிறார்கள். சராசரி உடலமைப்புக்கு அது ஏறத்தாழ அதே பத்துக்கு வந்து சேரும். பருமனான கொடையாளர்களில் இந்தக் கணக்குகள் பிரிகின்றன. அவர்களுக்கு உண்மையான எடைப்படி கணக்கிட்டால் மருந்தின் மொத்த அளவு மிகப் பெரிதாகிவிடும். ஆனால் அவர்கள் பொதுவாக அணுக்களை நன்றாகவே வெளியிடுபவர்கள். அதனால் பல மையங்கள் மொத்த அளவுக்கு ஓர் உச்சவரம்பை வைத்துக்கொள்கின்றன. என் பார்வையில் அது நியாயமான ஏற்பாடு.

ஒரு வேளையா, இரு வேளையா என்பதற்கு வருவோம். மருந்து மூன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், நாளுக்கு ஒரே ஊசி என்றால் இரவின் பிற்பகுதியில் ரத்தத்தில் மருந்து மிகக் குறைந்துவிடும். இரண்டாகப் பிரித்தால் மஜ்ஜையின் மீது அழுத்தம் தொடர்ந்து இருக்கும் என்பது இரு வேளை முறையின் தர்க்கம். 2000-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், 50 கொடையாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரே வேளை 10 மைக்ரோகிராமும் இரு வேளை ஐந்தைந்தும் தந்து ஒப்பிட்டபோது இரு வேளைப் பிரிவில் அணுக்கள் கூடுதலாகக் கிடைத்தன. அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு ஒப்பீடு, ஒரே வேளை 12 மைக்ரோகிராமுக்கும் இரு வேளை ஆறாறுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. இவ்வகை ஆய்வுகள் சிறியவை. கொடையாளருக்குக் கொடையாளர் இயல்பாகவே இருக்கும் வேறுபாடு, அட்டவணைகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரியது. இரு வேளை முறைக்குச் சிறிதளவு அனுகூலம் இருக்கலாம் என்று நான் கருதுகிறேன். ஆனால் அந்த அனுகூலம், தினமும் இரண்டாவது முறை குத்திக்கொள்வதையும் மருத்துவமனைக்கு இரண்டு முறை வந்துபோவதையும் எல்லோருக்கும் கட்டாயமாக்கும் அளவுக்குப் பெரியதல்ல. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் ஏற்பாடு உள்ள நாடுகளில் இரு வேளை முறை எளிது. தினமும் புறநோயாளிப் பிரிவுக்கு வர வேண்டிய இடத்தில் ஒரு வேளையே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இதில் யாரும் வெளிப்படையாகச் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு: மருந்துக் குப்பியின் அளவு. ஃபில்கிராஸ்டிம் பெரும்பாலும் 300, 480 மைக்ரோகிராம் அளவுகளில் வருகிறது. உங்கள் 52 கிலோவுக்குக் கணக்குப்படி நாளொன்றுக்கு 520 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு 480 குப்பியைத் தந்தால் கிலோவுக்கு 9.2 மைக்ரோகிராம் ஆகும்; இரண்டு 300 குப்பிகள் என்றால் 11.5 ஆகும். இரண்டுமே ஏற்கத்தக்க வரம்புக்குள் இருக்கின்றன. அண்ணனின் எடை உங்களைவிட வெகுவாக அதிகம் என்பதால் உங்கள் விஷயத்தில் மேலே முழுமையாக்கி 600 தருவதற்கு மருத்துவர் சாயலாம். அப்படித் தந்தால் அதைக் காலை 300, மாலை 300 என்று பிரிப்பதும் இயல்பாக அமைந்துவிடும். எனவே உங்களுக்குச் சொல்லப்படும் எண் 520 ஆக இல்லாவிட்டால் அதைத் தவறு என்று எண்ண வேண்டாம். எந்தப் பக்கம் முழுமையாக்கினார்கள், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எடை வேறுபாடு உண்மையில் முக்கியமாவது சேகரிப்பு நாளில்தான். அஃபெரிசிஸ் இயந்திரம் ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, சுழற்சியில் அணுக்களை அடர்த்தி வாரியாகப் பிரித்து, வேண்டிய அடுக்கை மட்டும் பைக்கு அனுப்பிவிட்டு, மீதியை மறு கையில் திருப்பித் தருகிறது. நான்கைந்து மணி நேரத்தில் உடலின் மொத்த ரத்தத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு அதன் வழியே ஓடும். பெறுநரின் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் சி.டி.34 அணுக்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கீழ்வரம்பு. 40 முதல் 50 லட்சம் என்பது விரும்பத்தக்க இலக்கு. 52 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் சுமார் மூன்றரை லிட்டர் ரத்தம் இருக்கும். மூன்று மடங்கு ஓட்டினால் ஏறத்தாழ 10 லிட்டர். ஐந்தாம் நாள் காலை உங்கள் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 60 சி.டி.34 அணுக்கள் இருப்பதாகவும், இயந்திரம் அதில் பாதியைப் பிடிப்பதாகவும் வைத்துக்கொண்டால், கிடைப்பது 30 கோடி அணுக்கள். அதை 80 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 37.5 லட்சம். கீழ்வரம்பைத் தாண்டிவிட்டது, இலக்கைச் சற்றே தொடவில்லை. இதே அணுக்கள் உங்கள் எடையே உள்ள ஒருவருக்குப் போவதாக இருந்தால் கிலோவுக்கு 57 லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஆகவே ஆறாம் நாளும் இரண்டாவது அமர்வு தேவைப்படலாம் என்று மருத்துவமனை முன்கூட்டியே சொன்னால், அது உங்கள் உடல் சரியாக ஒத்துழைக்கவில்லை என்பதற்கான அடையாளம் அல்ல. வெறும் வகுத்தல் கணக்கு.

சேகரிப்பு நாளன்று காலை ஊசிக்கும் இயந்திரத்தில் அமர்வதற்கும் இடையே சில மணி நேரம் விடுவது வழக்கம். ஊசி போட்ட உடனேயே வெள்ளை அணுக்கள் சிறிது நேரம் குறைந்து பிறகு ஏறுவதும், மருந்து உச்சத்தை எட்ட நேரம் தேவைப்படுவதும் இதற்குக் காரணங்கள். மனித ரத்தத்தில் குருத்தணுக்களின் எண்ணிக்கை நாளின் பிற்பகுதியில் ஏறும் தன்மையுடையது என்றும், பிற்பகலில் நடந்த சேகரிப்புகளில் விளைச்சல் கூடுதலாக இருந்தது என்றும் 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் மையங்களின் பணி நேரமும் அணுக்களை எண்ணும் ஆய்வுக்கூடத்தின் நேரமும் காலையில்தான் பொருந்துவதால் அந்த அறிவு பெரும்பாலும் நடைமுறைக்கு வரவில்லை.

அணுக்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமும் சரியல்ல. முழுமையாகப் பொருந்திய உடன்பிறப்பிடமிருந்து கிலோவுக்கு 80 லட்சத்துக்கு மேல் சி.டி.34 அணுக்கள் பெற்றவர்களிடம், நீடித்த ஜி.வி.எச்.டி., அதாவது புதிதாக வந்த நோயெதிர்ப்பு அணுக்கள் பெறுநரின் தோல், வாய், ஈரல் போன்றவற்றையே நீண்டகாலம் தாக்கும் நிலை, கூடுதலாகக் காணப்பட்டதை ஆய்வுகள் சுட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் உறவில்லாத கொடையாளர்களிடமிருந்து பெற்ற மஜ்ஜையையும் ரத்தக் குருத்தணுக்களையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டு 2012-இல் வெளியான பெரிய ஆய்வில், உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை, நீடித்த ஜி.வி.எச்.டி. மஜ்ஜைப் பிரிவில் 41 விழுக்காடு, ரத்தக் குருத்தணுப் பிரிவில் 53 விழுக்காடு. மறுபுறம் ஒட்டு பிடிக்காமல் போவது மஜ்ஜைப் பிரிவில் 9 விழுக்காடு, மற்றதில் 3 விழுக்காடு. கொடையாளரிடம் மருந்தை ஏற்றி அணுக்களைக் குவிப்பது பெறுநருக்கும் எப்போதும் உதவி அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பக்கவிளைவுகளை மறைப்பதில் பொருளில்லை. பெரும்பான்மையான கொடையாளர்களுக்கு முதுகு, இடுப்பு, மார்பெலும்பு, தொடை ஆகிய இடங்களில் எலும்பு வலி வரும். தலைவலி, அசதி, தூக்கமின்மை, குமட்டல் ஆகியவையும் வரலாம். பெரும்பாலும் பாராசிட்டமால் போதுமானது. ஆஸ்பிரின் வேண்டாம், மருந்தாலும் அதைவிட அஃபெரிசிஸாலும் தட்டணுக்கள் குறையும் என்பதால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் எந்த வலி மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஆரோக்கியமான கொடையாளர்களில் 41 விழுக்காட்டினருக்கு வெள்ளை அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 50,000-க்கு மேல் ஏறியதாகவும், 35 விழுக்காட்டினருக்குத் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியதாகவும் ஐரோப்பிய மருந்துக் குறிப்பே சொல்கிறது. இரண்டும் தற்காலிகமானவை. வெள்ளை அணுக்கள் 70,000-ஐத் தாண்டினால் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்பதும் அதே குறிப்பில் உள்ள விதி. ஆகவே ஐந்து நாட்களுக்கான அட்டவணை என்பது முதல் நாளே எழுதி முடித்துவிடும் ஒன்றல்ல. இடையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, தேவையானால் திருத்தப்பட வேண்டியது. இடைப்பட்ட பரிசோதனையே இல்லாமல் ஐந்து நாள் ஊசியையும் முடிக்கச் சொல்லும் இடத்தில் அதைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

மண்ணீரலைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஊசி நாட்களில் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீள்வதும், சேகரிப்பு முடிந்த சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்புவதும் ஸ்கேன் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. மிக அரிதாக மண்ணீரல் கிழிந்ததும் உண்டு. ஆகவே அந்த நாட்களிலும் அடுத்த ஓரிரு வாரங்களிலும் மோதும் விளையாட்டுகளும் அதிக பாரம் தூக்குவதும் வேண்டாம். இடது விலாவின் கீழோ இடது தோளிலோ திடீரென வலி வந்தால் அதை எலும்பு வலி என்று ஒதுக்கிவிடாமல் உடனே தெரிவிக்க வேண்டும். மூச்சுத் திணறலும் இருமலில் ரத்தமும் அதே வகை எச்சரிக்கைகள்.

ஊசி தொடங்குவதற்கு முன்பே சிலருக்கு இந்த வழி மூடப்படுகிறது. கர்ப்பிணிகள் அவர்களில் முதன்மையானவர்கள். சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோயான அரிவாள் அணு நோய் உள்ளவர்களுக்கு ஜி.சி.எஸ்.எஃப். உயிருக்கே ஆபத்தான நெருக்கடியை உண்டாக்கியிருக்கிறது. ஒரு மரபணுப் பிரதியை மட்டும் தாங்கியிருப்பவர்கள் பாதுகாப்பாகக் கொடை செய்த பதிவுகள் உண்டு. இந்தியாவில் அரிவாள் அணு முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-இல் நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். அப்பகுதிகளில் வேர் உள்ள குடும்பங்களின் கொடையாளர்களுக்கு ஹீமோகுளோபின் பரிசோதனையைச் சடங்காகக் கருதாமல் செய்ய வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

ஒரே ஊசி என்று நீங்கள் கேட்டது பெக்ஃபில்கிராஸ்டிம். ஃபில்கிராஸ்டிமுடன் பாலிஎத்திலீன் கிளைகாலை இணைத்து அதைச் சிறுநீரகம் வெளியேற்றாதபடி செய்திருக்கிறார்கள். அதை அகற்றுவது நியூட்ரோஃபில்களே. அவை பெருகப் பெருக மருந்து தானாகவே குறையும். கீமோதெரபி நோயாளிகளுக்கு இது மிக வசதியானது. ஆரோக்கியமான கொடையாளர்களிடம் 6 மில்லிகிராம் போதுமான பலன் தராமல் 12 மில்லிகிராம் வரை செல்ல வேண்டியிருந்தது. இதில் எனக்குள்ள தயக்கம் பலனைப் பற்றியதல்ல, பிடியைப் பற்றியது. தினசரி ஊசியில் மூன்றாம் நாள் வெள்ளை அணுக்கள் கட்டுமீறி ஏறினால் நான்காம் நாள் ஊசியைக் குறைக்கலாம். ஒரே தவணையில் முழு அளவையும் செலுத்திவிட்ட பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. ஆரோக்கியமானவருக்கு அந்தத் திருத்தும் வாய்ப்பை விட்டுக்கொடுக்காமல் இருப்பதே நல்லது, நான்கு ஊசி மிச்சமானாலும்.

பிளெரிக்ஸாஃபார் என்ற மருந்து வேறு வகை. எச்.ஐ.வி.க்கு எதிரான மருந்தாகத் தொடங்கிய இது, குருத்தணுவின் சி.எக்ஸ்.சி.ஆர்.4 ஏற்பியையே அடைத்துப் பிணைப்பை விடுவிக்கிறது. அதனால் நாட்களில் அல்ல, மணிகளில் வேலை செய்கிறது. 2008 இறுதியில் அமெரிக்காவில் லிம்ஃபோமா, மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய்கள் உள்ள நோயாளிகளின் சொந்த அணுச் சேகரிப்புக்காக அனுமதிக்கப்பட்டது. அங்கே கிலோவுக்கு 240 மைக்ரோகிராம், சேகரிப்புக்கு ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு முன். அதே ஆண்டு, ஜி.சி.எஸ்.எஃப். இல்லாமல் இதை மட்டும் 25 உடன்பிறப்புக் கொடையாளர்களுக்குக் கொடுத்து நான்கு மணி நேரத்தில் சேகரித்த ஆய்வு வெளியானது. மூன்றில் இரண்டு பங்கினரிடம் ஒரே அமர்வில் கிலோவுக்கு 20 லட்சம் என்ற வரம்பு எட்டப்பட்டது. மீதிப் பேருக்கு மறு அமர்வு தேவைப்பட்டது என்பதே இது ஏன் இன்னும் முதல் தெரிவாகவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது; விலையும் அதிகம். ஐந்தாம் நாள் எண்ணிக்கை எதிர்பாராத அளவு குறைந்த கொடையாளருக்கு, அவர் ஒப்புதலுடன், ஜி.சி.எஸ்.எஃப். மேல் ஒரு தவணை சேர்ப்பதுதான் இதன் இன்றைய இடம்; ஆரோக்கியமானவர்களுக்கு அது அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு அல்ல என்பதையும் அவரிடம் சொல்லியே செய்ய வேண்டும்.

இந்தியாவில் பெரும்பாலும் உள்நாட்டில் தயாராகும் ஃபில்கிராஸ்டிமே பயன்படுகிறது. மூல மருந்துக்கு இணையாக வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் இத்தகைய ஒத்த உயிரிமருந்துகளை ஆரோக்கியமான கொடையாளர்களுக்குத் தருவதில் உலகக் கொடையாளர் சங்கம் 2011-இல் தயக்கம் தெரிவித்தது. தரவுகள் சேரச் சேர, முறையாக ஒப்பிட்டு அனுமதிக்கப்பட்டவற்றுக்கு அந்தத் தயக்கம் தளர்ந்தது. எந்தத் தயாரிப்பு என்பதும் அதன் தொகுதி எண்ணும் உங்கள் கோப்பில் எழுதப்பட வேண்டும். பின்னாளில் ஏதேனும் கேள்வி எழுந்தால் அது மட்டுமே தடயம்.

பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வருமா என்ற அச்சத்தைக் கேட்காமலேயே உங்கள் கேள்வியின் ஓரத்தில் பார்க்கிறேன். ஐரோப்பிய மையங்கள் 51,024 கொடையாளர்களைத் திரும்பிப் பார்த்து 2009-இல் வெளியிட்ட கணக்கில், கொடையோடு தொடர்புடைய ஐந்து மரணங்கள் பதிவாயின: ஒன்று மஜ்ஜைக் கொடையில், நான்கு ரத்தக் குருத்தணுக் கொடையில். பின்னாளில் ரத்தப் புற்றுநோய் கண்டவர்கள் இரு வகையிலும் சேர்த்து 20 பேர்; அது பொது மக்களிடம் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகம் அல்ல. அமெரிக்கப் பதிவகத்தின் நீண்டகாலக் கண்காணிப்பிலும் மிகுதி தென்படவில்லை. ஆபத்து பூச்சியம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். மிகச் சிறியது என்று சொன்னால் நம்பலாம். உடன்பிறப்புக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பவரின் சொந்த ஆபத்து, மருந்து எதுவும் இல்லாமலேயே, மற்றவர்களைவிடச் சிறிது கூடுதலாக இருக்கலாம் என்பதால் ஆண்டுக்கொருமுறை ரத்த எண்ணிக்கை பார்த்துக்கொள்வது நல்லது.

அட்டவணையை நாட்காட்டியில் குறிக்கும்போது, பின்னோக்கி எண்ணுங்கள். அண்ணனுக்கு அணுக்கள் செலுத்தும் நாளுக்கு நான்கு நாட்கள் முன்னதாக உங்கள் முதல் ஊசி. அதற்குச் சில நாட்கள் முன்பே அவருடைய மஜ்ஜையை அழிக்கும் கடுமையான கீமோதெரபி தொடங்கியிருக்கும். அது தொடங்கிய பிறகு நீங்கள் பின்வாங்கினால் அவருடைய மஜ்ஜைக்கு மாற்று இருக்காது. ஆகவே உங்கள் தகுதிப் பரிசோதனையும், அண்ணனுக்குச் சிகிச்சை அளிக்காத வேறொரு மருத்துவருடன் தனியாகப் பேசுவதும், ஒப்புதல் தருவதும் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சில மையங்கள் அணுக்களை முன்னதாகவே சேகரித்து உறையவைத்துவிட்டு அதன்பின் கீமோதெரபியைத் தொடங்குகின்றன. 2020-இல் கொரோனாக் காலத்தில் இது பரவலாகியது. உங்கள் கையின் ரத்தக் குழாய்கள் மெல்லியவை என்றால், கழுத்திலோ தொடையிலோ குழாய் போட வேண்டிவருமா என்பதையும் முதல் ஊசிக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். ஊசியை வீட்டில் வைத்துக்கொள்வதாக இருந்தால் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில், உறைவிப்பான் பெட்டியைத் தொடாமல், கீழ்த்தட்டில் வையுங்கள். ஒரு வேளை தவறிப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்த மணியிலேயே அஃபெரிசிஸ் பிரிவை அழைத்துச் சொல்லுங்கள், சேகரிப்பு நாளைத் தள்ளுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.